ஆமா போட ஓர் ஆள்

தமிழ்ப் பட நகைச்சுவையின் கதையில் பூனாவுக்கும் ஓர் இடம் உண்டு. 1936-ல் ராஜா சாண்டோ இயக்கிய ‘வசந்தசேனா’வின் படப்பிடிப்பு அந்த ஊரில்தான் நடந்தது. சூத்திரகரின் ‘மிருச்சகடிகம்’ நாடகத்தைத் தழுவிய படம் அது. அதில் நடிக்கப் போன என்.எஸ். கிருஷ்ணன் டி.ஏ. மதுரத்தைச் சந்தித்தார். கையிருப்புத் தீர்ந்து படக்குழு சாப்பாட்டுக்கே திண்டாடியபோது மதுரம் தன்னிடம் இருந்ததைக் கொடுத்து உதவினார் என்று கிருஷ்ணனைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். பிறகு இருவரும் வாழ்விலும் திரையிலும் ஜோடி ஆனார்கள். சேர்ந்து நடித்த படங்கள் நூறைத் தாண்டும். இந்தச் சந்திப்பைக் காதல் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். தொழில் சார்ந்தும் அதற்கு ஒரு கனம் உண்டு என்று நான் நினைக்கிறேன். மேடையிலிருந்து கேமராவுக்கு முன்னால் வந்த ஒரு நகைச்சுவைக் கலைஞர், வரும் வழியில் எதை இழந்தாரோ அதைப் பூனாவில் திரும்பப் பெற்றார்.

அவர்கள் அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் எளிது. பேசும் படம் எடுக்கத் தமிழ்நாட்டில் வசதி குறைவு. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-ல் பம்பாயில் உருவானது. ஏ. நாராயணன் 1934-ல் சென்னையில் ஸ்ரீனிவாசா சினிடோனைத் தொடங்கிய பிறகும் சில ஆண்டுகளுக்குத் தமிழ்த் தயாரிப்பாளர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பூனாவுக்கும் மூட்டை கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கோலாப்பூரிலிருந்து 1933-ல் பூனாவுக்கு இடம்பெயர்ந்த பிரபாத் கம்பெனியால் ஊரே ஒரு சினிமா நகரம் ஆகியிருந்த காலம். அந்தப் பிரபாத் வளாகத்தில்தான் 1960-ல் அரசின் திரைப்படக் கல்லூரி அமைந்தது.

இன்று புனே ஆகிவிட்ட அதே பூனாவின் நிலையத்தில் லோனாவ்ளா லோக்கல் ஏறினால் சிவாஜிநகர், கட்கி, தாபோடி, காசர்வாடி, அடுத்து பிம்ப்ரி. 1954-ல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் இங்கே வந்தது. டெல்கோவும் பஜாஜும் பின்னால் வந்தன. அந்த ஆலைகளையும் அவற்றைச் சுற்றி முளைத்த பட்டறைகளையும் நம்பித் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. பின்னர் கணினி வேலைக்கு அவர்களுடைய அடுத்த தலைமுறை வந்தது. சந்த் துக்காராம் நகரில் மாநகராட்சியின் நாடக அரங்கு ஒன்று இருக்கிறது, ஆச்சார்ய அத்ரே ரங்கமந்திர். மராத்தியின் பெரிய நையாண்டிக்காரரான பி.கே. அத்ரேயின் பெயரைத் தாங்கியது. மைக்கைக் கையில் பிடித்துத் தனியாளாக நின்று சிரிக்க வைக்கும் ஸ்டாண்ட்-அப் இப்போது இந்தப் பக்கத்து இளைஞர்களுக்கும் வசமாகி வருகிறது. கொஞ்சம் கைதட்டல் வாங்கியதும் அவர்கள் அடுத்துக் கை வைப்பது பத்து நிமிட நகைச்சுவைக் குறும்படத்தில். மேடையில் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர் படத்தில் சப்பென்று போய்விடுவதையும் பார்க்கிறோம். அதற்கான காரணத்தைத் திறமைக் குறைவில் தேடுவது வீண். இரண்டு கலைகளின் இயந்திரமே வேறு. அந்த வேறுபாட்டைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆள் ஒருவர் கண்டுகொண்டு, விடையும் வைத்திருந்தார்.

ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். பிம்ப்ரித் தமிழர் எவரும் சொல்லக்கூடியதுதான். “எங்கம்மா ஊர்ல, ‘பையன் புனேல இருக்கான்’னு சொல்றாங்க. புனேக்காரன்கிட்ட சொன்னா, ‘பிம்ப்ரியா? அது புனே இல்லையே’ங்கறான். சரி, பிம்ப்ரிக்காரன்னே இருந்துக்கலாம்னு பார்த்தா, பக்கத்து வீட்டுக்காரர், ‘நீங்க மதராஸிதானே’ங்கறார்.” பிம்ப்ரி-சிஞ்ச்வட் 1982 முதல் தனி மாநகராட்சி; அதனால் இரண்டாவது வரி இந்த ஊரில் சட்டென்று பற்றிக்கொள்ளும். மேடையில் அந்த இரண்டாவது வரிக்குச் சிரிப்பு எழும். சொன்னவர் உடனே பேச மாட்டார். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் தருணத்தைக் காதால் பிடித்து, முற்றிலும் அடங்குவதற்குள் மூன்றாவது வரியைப் போடுவார். அரங்கு பெரிதானால் இடைவெளி கூடும், சின்ன அறையில் குறையும். சிரிப்பே வராவிட்டால் தோளைக் குலுக்கி அதையும் ஒரு வேடிக்கை ஆக்கிவிடுவார். துணுக்கில் பாதியை அவர் எழுதுகிறார், மீதியைக் கூட்டம் அந்த நிமிடத்தில் எழுதுகிறது.

இதே மூன்று வரியை ஒரு மொட்டை மாடியில் கேமராவைப் பார்த்துச் சொல்லட்டும். புலம்பலாகத்தான் கேட்கும். நடுவில் விட்ட இடைவெளி வசனம் மறந்துபோனது போலத் தெரியும். இடைவெளியை எடுத்துவிட்டால் மூன்று வரியும் ஒன்றன்மேல் ஒன்று விழும். சொற்கள் மாறவில்லை. பதில் தர எதிரே ஆள் இல்லை, அதுதான் கோளாறு.

என்.எஸ். கிருஷ்ணன் எங்கிருந்து வந்தார் என்பது இந்த இடத்தில் முக்கியம். 1908-ல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தவர். சிறு வயதில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றவர். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் தேறுவதற்கு முன்பே அவருக்குள் ஊறியிருந்தது தென்குமரியின் வில்லுப்பாட்டு. கோயில் கொடையில் வில்லடிக்கும் அண்ணாவியைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவர் ஒருபோதும் தனியாகக் கதை சொல்வதில்லை. வில்லுக்கு முன்னால் அவர் வீசுகோலோடு இருப்பார். குடம், உடுக்கை, ஜால்ரா என்று சுற்றிலும் ஆட்கள். அவர்களில் ஒருவர் ஒவ்வொரு வரிக்கும் “ஆமா” போட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் ஒத்து ஊதல். கவனித்துக் கேட்டால் அந்த ஆமாவுக்குள் எத்தனையோ தினுசு. ஆச்சரியம், சந்தேகம், அவசரம், ‘இதெல்லாம் நம்புகிற கதையா’ என்கிற இழுவை. சில நேரம் அவர் எதிர்க்கேள்வி போடுவார், கூட்டத்தில் ஒருவன் கேட்க நினைத்த கேள்வியாகவே அது இருக்கும். அண்ணாவி அதற்குச் சொல்லும் பதிலில்தான் பெரும்பாலும் சிரிப்பு வெடிக்கும். கூட்டம் மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பிரதிநிதி மேடையிலேயே இருக்கிறார்.

மேடைக் கலைஞன் கேமராவுக்கு முன்னால் போகும்போது கூட்டம் கொட்டகைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. அதன் பிரதிநிதியை மட்டும் கூட்டிக்கொண்டு போகலாம். கிருஷ்ணன் செய்தது அதைத்தான். பூனாவுக்குப் பிறகு வந்த அவருடைய நகைச்சுவைப் பகுதிகளில் அவர் பேச்சு எப்போதும் ஒருவரை நோக்கியே போகிறது. பெரும்பாலும் அந்த ஒருவர் மதுரம். மதுரத்தை வெறும் ஜோடியாக எழுதிவைத்திருப்பது பெரிய அநியாயம். அவர் மறுக்கிறார், மடக்குகிறார், முகத்தைச் சுளிக்கிறார், சில சமயம் கிருஷ்ணனை முட்டாளாக்கிவிட்டு நகர்கிறார். பார்ப்பவர் எங்கே சிரிக்க வேண்டும், எவ்வளவு நேரம் சிரிக்கலாம் என்பதை அவருடைய முகமே அளந்து கொடுத்துவிடுகிறது. மேடையில் கூட்டம் கொடுத்த இடைவெளியைத் திரையில் மதுரம் கொடுத்தார். ‘சகுந்தலை’யில் (1940) அந்த வேலை டி.எஸ். துரைராஜுக்கு. புளிமூட்டை ராமசாமி போன்றவர்களோடு கிருஷ்ணன் ஒரு நிரந்தரக் குழுவையே வைத்திருந்ததும் இதற்காகத்தான் என்பது என் கணிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைய படங்களில் நகைச்சுவைப் பகுதி என்பது முழுப் படத்துக்குள் இருந்த ஒரு தனிக் குறும்படம். கிருஷ்ணன் தன் பகுதியைத் தானே யோசித்து, ஆள் சேர்த்து, எடுத்துக் கொடுத்துவிடுவார்; மூலக் கதைக்கும் அதற்கும் ஒட்டுறவு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ‘அம்பிகாபதி’யையும் ‘சகுந்தலை’யையும் இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் அறியாத அமெரிக்கர். வசனத்தில் பிறக்கும் சிரிப்பை அவர் எப்படி இயக்க முடியும்? அந்த இடத்தில் இயக்குநர், எழுத்தாளர், நடிகர் மூன்றும் கிருஷ்ணன்தான். இன்று ஒரு ஸ்டாண்ட்-அப் கலைஞர் தானே எழுதி, இயக்கி, நடித்து எடுக்கும் குறும்படத்துக்கு முன்னோடி தேடுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

முழுநீளப் படத்தோடு தனியாக ஒரு சிரிப்புப் படத்தைச் சேர்த்து ஓட்டுவதும் அன்று சகஜம். அந்தப் பழக்கத்தின் வேர் மகாராஷ்டிரத்திலேயே கிடக்கிறது. 1914 ஜனவரியில் தாதாசாகேப் பால்கே தன் ‘மோகினி பஸ்மாசுர்’ படத்தோடு ‘பிட்டாச்சே பஞ்சே’ என்ற நகைச்சுவைக் குறும்படத்தையும் பம்பாயில் திரையிட்டார். புராணத்தின் கனத்தை இறக்கிவைக்கச் சில நிமிடச் சிரிப்பு. தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்கிற காரியத்தைத் தனிப் படச்சுருளில் சுற்றிக் கொடுத்தார் பால்கே. அதே குளிர்காலத்தில், அதே மாதம், கலிபோர்னியாவில் ஒரு குழந்தைகள் வண்டிப் பந்தயத்தின் நடுவே புகுந்து சார்லி சாப்ளின் ஒரு குறும்படத்தில் நடித்தார். இங்கிலாந்தின் இசை அரங்குகளில் ஆளைச் சிரிக்க வைத்துவிட்டு வந்தவர் அவர். பந்தயம் உண்மையானது, வேடிக்கை பார்த்த கூட்டமும் உண்மையானது. கேமராவை மறைத்துக்கொண்டு நிற்கும் அந்த நாடோடியை அந்தக் கூட்டம் முதலில் முறைக்கிறது, பிறகு சிரிக்கத் தொடங்குகிறது. தன் பிரபலமான வேடத்தில் சாப்ளின் திரைக்கு வந்த முதல் படத்திலேயே பார்வையாளரையும் சட்டத்துக்குள் பிடித்து வைத்துவிட்டார்.

இந்த வரிசையில் கிருஷ்ணன் நடித்த ‘சந்திரஹரி’ 1941-ல் வந்தது. கே.எஸ். மணி இயக்கினார். பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய நாடகம். பொய்யே பேசாத அரிச்சந்திரனைத் தலைகீழாகக் கவிழ்த்து, உண்மையே பேசாத ஒருவனை நாயகனாக்கிய கேலி. கிராமம் கிராமமாக விடிய விடிய அரிச்சந்திரன் நாடகம் பார்த்து அழுத ஜனங்களுக்கு ஒவ்வொரு கட்டமும் மனப்பாடம். அதனால் கேலிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குறும்படத்துக்கு இது பெரிய பலம். 35 மில்லிமீட்டர் பேசும் படத்தில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி படச்சுருள் ஓடும். ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் ஆளை அறிமுகப்படுத்தி, சூழலைச் சொல்லி, சிரிப்பையும் மூட்ட வேண்டும். பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால் முதல் இரண்டும் மிச்சம். அத்ரேயும் மராத்தியில் 1925-ல் ‘ஜெண்டூச்சீ ஃபுலே’ தொகுப்பில் தன் காலத்துக் கவிஞர்களை இப்படித்தான் கவிழ்த்துப் போட்டுப் புகழ் பெற்றார். மேடையேறும் இன்றைய இளைஞர்கள் விளம்பரத்தையும் தொலைக்காட்சித் தொடரையும் கவிழ்ப்பதும் இதே கணக்கில்தான்.

உலகப் போர் இந்தக் கலைக்கு ஓர் அடி கொடுத்தது. கச்சாப் படச்சுருள் தட்டுப்பாட்டால் 1943-ல் அரசாங்கம் ஒரு படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. இரண்டு மணி நேரம், இரண்டு நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஓடிப் பழகிய படங்கள் சுருங்கின. தனியாக ஒரு சிரிப்புப் படத்தை ஒட்டிக் காட்டுவதற்கு இனி இடம் ஏது? நகைச்சுவை பிழைக்க வேண்டுமானால் மூலப் படத்துக்குள்ளேயே பிழைக்க வேண்டும். அடுத்த ஆண்டே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணன் கைதானார்; 1947 ஏப்ரலில் விடுதலையானபோது இரண்டரை ஆண்டுக்கு அருகில் பறிபோயிருந்தது. கலைவாணர் என்ற பட்டம் அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் கையால் கிடைத்தது.

விடுதலைக்குப் பின் அவர் செய்தவற்றில் நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது ‘கிந்தனார்’. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சிதம்பரம் போகத் துடிக்கிறார். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்கத் துடிக்கிறான். ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவன் ரயிலேறிப் போய், படித்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகச் சொந்த ஊருக்கே திரும்புகிறான். உடுமலை நாராயணகவி எழுத, கிருஷ்ணன் கதாகாலட்சேபமாக நடத்தியது. 1949-ல் அண்ணாவின் கதை வசனத்தில் கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர் இயக்கிய ‘நல்லதம்பி’க்குள் அது இடம்பெற்றது. இன்றைய சொல்லில் சொன்னால், ஒரு தனிநபர் மேடை நிகழ்ச்சியை அப்படியே படத்துக்குள் வைத்திருக்கிறார்கள். இதைக் காட்சிகளாக விரித்து எடுத்திருக்கலாம். கிராமம், ரயில், பட்டணம், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் செட் போட்டிருக்கலாம். செய்யவில்லை. பாகவதரின் கோலத்தில் நின்று குரலாலும் கையாலும் அவரே எல்லாம் ஆகிறார், பக்கவாத்தியமும் பின்பாட்டும் துணைக்கு நிற்கின்றன. கோயில் கொடையில் கேட்ட ஆமா சென்னை ஸ்டூடியோ வரை வந்துவிட்டது. எனக்கு இது அவருடைய ஆகச் சிறந்த குறும்படம். பெரிய படத்திலிருந்து அதைத் தனியே வெட்டி எடுத்துப் பார்த்தாலும் முழுமை குறையாது. சாதியைப் பற்றி இவ்வளவு துணிவாகப் பேசிய ஒன்று சிரிப்பாலேயே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது என்பதை நினைக்கும்போது மனம் நிறைகிறது.

மேற்கில் இதே சிக்கலுக்கு வேறு வைத்தியம் பார்த்தார்கள். மார்க்ஸ் சகோதரர்கள் ‘எ நைட் அட் தி ஓப்பரா’ (1935) எடுப்பதற்கு முன் அதன் முக்கியக் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் நடித்துப் பார்த்தார்கள். எங்கே சிரிப்பு விழுகிறது, எத்தனை விநாடி நீள்கிறது என்று அளந்து, அந்த இடைவெளியைப் படத்தில் விட்டார்கள். சிரிப்பு அடுத்த வசனத்தை விழுங்கிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. 2021-ல் போ பர்னம் என்ற அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் பெருந்தொற்றுக் காலத்தில் ஓர் அறைக்குள் தனியாகவே ‘இன்சைட்’ எடுத்தார். அதில் ஒரு கட்டத்தில் தன் பாட்டைத் தானே பார்த்துக் கருத்துச் சொல்கிறார். பிறகு, கருத்துச் சொன்ன தன்னையே பார்த்துக் கருத்துச் சொல்கிறார். ஆமா போட ஆள் கிடைக்காதவன் தன்னையே ஆமா போட வைத்துக்கொள்கிறான். தனிமையைப் பற்றிய படத்துக்கு அது பொருத்தம். எல்லோரும் பின்பற்றக்கூடிய வழி அன்று.

மராத்தியின் பு.ல. தேஷ்பாண்டே எதிர்த் திசையில் பயணம் செய்தவர். 1953-ல் ‘குளாச்சா கணபதி’ படத்துக்கு எழுத்து, இயக்கம், இசை, நாயக வேடம் அத்தனையும் அவரே. 1961-ல் ‘படாட்யாச்சீ சாள்’ நிகழ்ச்சியில் சாள் என்னும் வரிசைவீட்டுக் குடியிருப்பு ஒன்றின் குடித்தனக்காரர்கள் எல்லோரையும் தனியாளாக மேடையில் நடமாட விட்டார். கேட்பவனும் அவரே, பதில் சொல்பவனும் அவரே. புனேக்காரர்கள் அவரைக் கொண்டாடுவது இந்தத் தனிநபர் மேடைக்காகத்தான், அந்தப் படத்துக்காக அல்ல என்பது யோசிக்க வைக்கிறது.

தமிழில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்ததை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2005-ல் தொலைக்காட்சியில் வந்த ‘கலக்கப் போவது யாரு’ தனியாளாக நின்று சிரிக்க வைப்பவர்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது. ‘நாளைய இயக்குநர்’ குறும்படத்துக்கு ஒரு சந்தை உண்டாக்கிக் கொடுத்தது. முதல் நிகழ்ச்சியில் வளர்ந்த சிவகார்த்திகேயன், அப்போது அறிமுகமாகாத அட்லீயின் ‘முகப்புத்தகம்’ குறும்படத்தில் நடித்தார். அவர் மேடையில் சம்பாதித்த பேச்சு வேகம் குறும்படத்தில் ஒரு பாத்திரத்துக்குள் அடங்கியதால் அங்கே எடுபட்டது. அரவிந்த் எஸ்.ஏ., பிரவீன் குமார், அலெக்சாண்டர் பாபு போன்றவர்களின் மேடை நிகழ்ச்சிகளைப் படம் பிடிக்கும்போது கேமரா அடிக்கடி கூட்டத்தின் பக்கம் திரும்புவதைக் கவனித்திருப்பீர்கள். அது அலங்காரம் அல்ல; சிரிப்பவரைக் காட்டினால்தான் வீட்டில் தனியாகப் பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும்.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு பிம்ப்ரித் துணுக்குக்குத் திரும்புகிறேன். அதைப் படமாக்க வேண்டுமானால் மூன்று வரியையும் சொல்கிறவர் வாயிலிருந்து பிடுங்க வேண்டும். பிம்ப்ரி நிலையத்து வாசலில் ஓர் ஆட்டோ. ஓட்டுநர் மராத்திக்காரர், தமிழ் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் அம்மாவிடம் தொலைபேசியில் தமிழில் பேசுகிறார். ஓட்டுநருக்குப் புரிவதெல்லாம் நடுநடுவே விழும் ‘புனே’ என்ற ஊர்ப் பெயர் மட்டும். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்து ‘பிம்ப்ரி’ என்று திருத்துகிறார். முதல் தடவை தன்மையாக, இரண்டாம் தடவை அழுத்தி, மூன்றாம் தடவை வண்டியையே ஓரங்கட்டிவிட்டு. ஒரே சொல்தான் அவருக்கு வசனம், அண்ணாவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஆமா மட்டுமே இருந்ததைப் போல. பதினோரு நிமிடத்துக்குக் கூட இழுக்க வேண்டாம், நான்கு நிமிடம் போதும். படம் பிடிக்கும் முன் இதை இரண்டு நாற்காலி போட்டு நண்பர்கள் கூடும் அறைகளில் நடித்துப் பார்க்கலாம். தமிழர் நிறைந்த அறையிலும் மராத்தியர் நிறைந்த அறையிலும் சிரிப்பு வேறு வேறு இடத்தில்தான் விழும். அந்த இரண்டு இடங்களையும் குறித்துக்கொண்டு படத்தொகுப்பில் இரண்டுக்கும் மூச்சு விட்டால், ஓட்டுநராக நடிப்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் மதுரத்தின் வேலையைச் செய்துவிடுவார்.